மகளின் மூச்சுக்குக் காது கொடுத்தவர்களுக்கு

ஆறாவது வாரத்தில் எங்கள் மகளின் மூச்சில் ஒரு கரகரப்பு வந்தது. சளி என்றார்கள், நெபுலைசர் வைத்தும் குறையவில்லை. ஸ்டீராய்டு கொடுத்தால் நாலு நாள் அடங்கும், நிறுத்தியதும் திரும்பிவிடும். காரணம் தெரியாமல் மூன்று வாரம் ஓடியது. அதைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு இந்த மடல்.

முதலில் அண்ணிக்கு. மருத்துவரிடம் போகும்போதெல்லாம் குழந்தை தூங்கிவிடுவாள், சத்தமும் தணிந்துவிடும். பால் குடிக்கையிலும் அழுகையிலும் சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சு தெரியும்படி போனில் வீடியோ எடுத்து வைத்தது அண்ணிதான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவே தோல் குழி விழுவது அதில் அப்படியே பதிவாகியிருந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்த வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். மூச்சை இழுக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலும் குரல்வளையின் மேல்பகுதி தளர்ந்திருக்கும் லாரிங்கோமலேசியா. கைக்குழந்தைகளிடம் அதுதான் அதிகம், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும் என்றார். இவளுக்கோ விடும்போதும் கேட்டது. அப்படியென்றால் அடைப்பு இன்னும் கொஞ்சம் கீழே.

அப்போதுதான் எடை பார்த்த செவிலியர் அக்கா, "உதட்டுக்குக் கீழே இந்தச் சிவப்பு எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டார். கொசுக்கடி என்று நாங்கள் விட்டிருந்த புள்ளி அது. தாடி வளரும் இடத்தில் இப்படி ரத்தக்குழாய்க் கட்டி இருந்தால் மூச்சுப்பாதையிலும் இருக்கலாமாம். மயக்க மருந்து கொடுத்து உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல் நாண்களுக்குக் கீழே, பாதையை அடைத்தபடி அதே சிவப்பு. அக்கா, உங்கள் கண்ணுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

மருந்து ப்ரோப்ரனலால், இதயத்துக்குக் கொடுப்பதுதான். வேறு காரணத்துக்காகக் கொடுத்த குழந்தைகளிடம் இந்தக் கட்டி சுருங்குவதைக் கவனித்து, 2008-ல் உலகுக்குச் சொன்ன பிரான்ஸ் மருத்துவர்களுக்கும் எங்கள் வணக்கம். வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்று சொல்லி, ஊசியில்லா சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாக விடக் கற்றுத்தந்த இரவுப்பணிச் செவிலியரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம். இதைப் படித்தால் நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரியும். இப்போது அவள் தூங்கும்போது, மூச்சு விடுகிறாளா என்று குனிந்து காது வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.