உலாவியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி ஆகிய பிரவுசர்களில் எது பாதுகாப்பானது என்று, குரோமுக்கு முதலிடம் தந்து வரிசைப்படுத்தித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். தங்கச்சிமடத்தில் மீனவக் குடும்பங்களுக்கு இணையவழி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில், அந்த வரிசையை அப்படியே நம்பினால் எங்கள் பகுதி மக்கள் ஏமாந்துபோவார்கள் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

முதலாவதாக, பெயர்கள் பல இருந்தாலும் இணையப் பக்கங்களைத் திரையில் காட்டும், உள்ளே இருக்கும் முக்கிய இயந்திரங்கள் மூன்றுதான். 2020 ஜனவரி முதல் எட்ஜ் உலாவியும், அதற்கு முன்பிருந்தே பிரேவ், ஓபரா போன்றவையும் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்ற மூலநிரலின் மேல்தான் இயங்குகின்றன. ஒரே பட்டறையில் கட்டிய படகுகளுக்கு வேறு வேறு வண்ணம் பூசியது போன்றதுதான் இது. ஐபோனில் குரோமை நிறுவினாலும் நம் நாட்டில் அதற்குள் ஓடுவது சஃபாரியின் வெப்கிட்தான். மூன்றாவது இயந்திரம் ஃபயர்பாக்ஸின் கெக்கோ. ஆகவே குரோமியத்தில் ஓர் ஓட்டை கண்டறியப்பட்டால் அது பெரும்பாலும் எட்ஜுக்கும் ஓபராவுக்கும் பொதுவானது. குரோமியத்தில் அதை அடைத்தவுடன் எந்த இடத்தில் அடைத்தார்கள் என்பது திறந்த மூலநிரலில் எல்லோருக்கும் தெரிந்துவிடுவதால், அந்தத் திருத்தம் நம் கணினியிலுள்ள குரோமுக்கும் மற்ற உலாவிகளுக்கும் வந்து சேரும் வரையுள்ள சில நாள்கள்தான் களவாளிகளுக்கு வாய்ப்பான காலம். கூகுள் நிறுவனம் 2023 ஆகஸ்ட் முதல் குரோமுக்கு வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுவதற்கு இந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்கமே காரணம்.

உலாவிகளுக்குள் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு இணையதளத்தையும் தனித்தனி அறையில் அடைத்து, ஒன்று மற்றொன்றின் தகவலைத் திருடாமல் தடுக்கும் ஏற்பாட்டைக் கணினிகளில் குரோம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. ஃபயர்பாக்ஸுக்கு அது 2021-இல்தான் வந்தது. மறுபுறம், நம்மைத் தளந்தோறும் பின்தொடரும் சிறு பதிவுகளான பிறதளக் குக்கிகளைச் சஃபாரி 2020-லேயே முழுமையாகத் தடுத்துவிட்டது. இதில் குரோம் பின்தங்கியதுதான். ஆனால் முன்னது பாதுகாப்பு, பின்னது அந்தரங்கம். கட்டுரை இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியது சரியன்று.

எங்கள் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். இங்குள்ள பிரவுசிங் சென்டர் ஒன்றில் கடந்த மாதம்கூட விண்டோஸ் 7 கணினியில்தான் விண்ணப்பம் நிரப்பினேன். அந்த விண்டோஸுக்கு 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்போடு குரோம் நின்றுவிட்டது. அதன் பிறகு கண்டறியப்பட்ட ஓட்டைகள் எல்லாம் அதில் திறந்தே கிடக்கின்றன. ஃபயர்பாக்ஸோ அதன் பிறகும் தன் 115-ஆம் நீண்டகாலப் பதிப்பின் வழியாகப் பழைய விண்டோஸுக்குத் திருத்தங்களை அளித்து வந்தது. கட்டுரையில் முதலிடம் பெற்ற உலாவியே அந்தக் கணினியில் கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது அல்லவா? அதே கணினியில், முன்பு வந்துபோன யாரோ ஒரு மாணவியின் மின்னஞ்சல் கடவுச்சொல் சேமிக்கப்பட்டு, ஒரே சொடுக்கில் திறந்துகொண்டது. அதைப் பார்த்துத் திடுக்கிட்டு உடனே அழித்தேன். இதற்கு எந்த உலாவியையும் குறை சொல்ல முடியாது. பொதுக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்த வேண்டும், மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் வேலை செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இணைய முகவரியின் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இராமேசுவரத்தில் தங்கும் அறை முன்பதிவு என்று போலித் தளம் தொடங்குபவருக்கும் அந்தப் பூட்டு கிடைக்கும். தகவல் வழியில் களவு போகாது என்பதற்கு மட்டுமே அது சான்று. மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அன்று. மக்கள் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் குரோம் 2023-இல் அந்தச் சின்னத்தையே கணினித் திரையிலிருந்து எடுத்துவிட்டது.

பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பதை நாளிதழ்கள் தவறாமல் வெளியிடுகின்றன. அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் மக்கள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். உலாவிகளில் கண்டறியப்படும் ஓட்டைகளைப் பற்றி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் அவ்வப்போது எச்சரிக்கை வெளியிடுகிறது. எந்த உலாவி, எந்தப் பதிப்புக்கு முற்பட்டது ஆபத்தானது, புதுப்பிக்க எங்கே அழுத்த வேண்டும் என்ற மூன்று விவரங்களை மட்டும் எளிய தமிழில் வாரம் ஒருமுறை மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிகளாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதை வெட்டி எங்கள் தெருவிலுள்ள பிரவுசிங் சென்டர்களின் சுவரில் ஒட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.