கிராம சபைக்கு ஒரு கோல வரைபடமும் ஒரு சுவரும் வேண்டி மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: அக்டோபர் 2 கிராம சபையை எல்லோருக்கும் புரியும்படி நடத்த அனுமதியும் உதவியும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. எங்கள் ஊரிலும் கூடுகிறது, கையெழுத்தும் சேருகிறது. பேச்சுதான் நடப்பதில்லை. வரவு செலவுக் கணக்கைப் படிவம் 30 என்று பிளக்ஸில் அடித்துக் கட்டுகிறார்கள். எழுத்து எள்ளளவு. முன்வரிசையில் இருப்பவருக்கே தெரியாது, நூறு நாள் வேலையிலிருந்து நேரே வந்து பின்னால் உட்காரும் பெண்களுக்கு எங்கே தெரியப் போகிறது? கூட்டம் முடிந்ததும் அந்த பிளக்ஸ் யாராவது ஒருவர் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிடுகிறது.

போன கோடையில் குழுப் பெண்கள் பள்ளிக்கூடத்து வாசலில் கோலப்பொடியால் ஊர்ப்படம் போட்டுப் பார்த்தோம். நீலப்பொடி கண்மாய்க்கும் ஊருணிக்கும், செங்கல் தூள் சாலைக்கு, புளியங்கொட்டை தெருக்குழாய்க்கு. அரை மணி நேரத்தில் சண்டையே வந்துவிட்டது, நல்ல சண்டை! மேலத்தெருவில் கொட்டை நெருக்கமாகக் கிடக்க, காலனிப் பக்கம் இரண்டே கொட்டை. அதுவரை வாயே திறக்காத ஒரு அப்பத்தா எழுந்து வந்து, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரியைக் குச்சியால் இழுத்துக் காட்டினார். சிமெண்ட் சாலைக்குக் குறித்திருந்த இடம் அதன் மேலேயே இருந்தது. காகிதத் திட்டத்தைப் பலமுறை வாசித்தும் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கலையை வைத்து ஊரைக் கூட்டுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் கலைக்குழுக்களோடுதான் ஊர் ஊராக வந்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் இன்று எங்கள் குழுக்களில் பாட்டிகளாக இருக்கிறார்கள்.

ஆகவே, அக்டோபர் 2-க்கு முந்தைய நாள் மாலை பொது இடத்தில் இப்படி ஊர்ப்படம் போடவும், அதன் புகைப்படத்தைத் தீர்மானப் பதிவேட்டில் இணைத்து மறுநாள் அதை வைத்தே வேலைகளை முடிவு செய்யவும் எங்கள் ஊராட்சிக்கு உத்தரவிட வேண்டுகிறோம். பொது இடம் என்றால் காலனிக்காரரும் தயங்காமல் வந்து நிற்கும் இடம். கோயில் வாசல் வேண்டாம்.

அடுத்தது சுவர். அங்கன்வாடிக் கட்டடத்தின் சாலையோரச் சுவரை எங்களுக்குத் தாருங்கள். கிராம சபைத் தீர்மானங்களில் வேலை முடிந்தது பச்சையில், நிற்பது சிவப்பில், ஏன் நிற்கிறது என்று பக்கத்திலேயே ஒரு வரி. குழாய்க்குக் குழாய்ப் படம், விளக்குக்கு விளக்குப் படம். தேர்தலுக்குச் சுவர் எழுதிய கைகள் ஊரிலேயே இருக்கின்றன. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்கள் ஓரிரு நாள் வந்து வடிவமைத்துக் கொடுத்தால் பெரிய உதவி. பெயிண்டுச் செலவை பிளக்ஸ் காசிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், தகவல் சொல்வது. தண்டோரா கூடாது என்று 2022-இல் அரசே அறிவித்தது, சரியான முடிவு. ஆனால் அந்த இடத்துக்கு வந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பது இளவட்டங்கள் மட்டுமே. ஓட்டுக் கேட்கும் நேரத்தில் தலைவர்களின் குரல் பட்டன் போனுக்கும் வருகிறதே, அதே போல ஊர்க்காரர் ஒருவர் குரலில் தேதி, இடம், முக்கியமான பொருள் மூன்றையும் பதிவுசெய்து எல்லா எண்ணுக்கும் அனுப்பச் செய்யுங்கள். கியூஆர் கோடு ஒட்டுவதில் ஆட்சேபணை இல்லை, அதோடு நிறுத்திவிட வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் எங்கள் ஊராட்சியில் மட்டும் நடத்திப் பாருங்கள். ஊராட்சிச் செயலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் செப்டம்பர் மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாக உத்தரவு கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மகளிர் சுய உதவிக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கோல வரைபடத்தின் புகைப்படங்கள், கையொப்பப் பட்டியல்