முன்னாள் படைவீரர் தினம்: பெற்றோர் குழுவுக்கு

அனைவருக்கும் வணக்கம். இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-இல் ஓய்வுபெற்ற ஜனவரி 14-ஐத்தான் முன்னாள் படைவீரர் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று பொங்கல் விடுமுறை என்பதால், விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள் காலைக் கூட்டத்தில் நிகழ்ச்சி.

உங்கள் வீட்டில் முன்னாள் படைவீரர் இருந்தால் பெயர், படைப்பிரிவு, பதவி மூன்றையும் ஓய்வு ஆவணத்தைப் பார்த்தே அனுப்புங்கள். சொல்லக் கேட்டு எழுதினால் நாயக், நாயப் சுபேதார் என்ற இரு வேறு பதவிகளும் குழம்பிவிடும். அதிகாரிகளுக்கு 'கர்னல் (ஓய்வு)' என்று எழுதிப் பெயரைப் பின்னால் போடாதீர்கள். 'ஓய்வு' பெயருக்குப் பிறகுதான் வரும். பதவி ஓய்வுபெறுவதில்லை, ஆள்தான் ஓய்வுபெறுகிறார்!

பட்டாசு, வெடிச்சத்த ஒலிப்பதிவு அறவே வேண்டாம். சிலருக்குப் போர்முனை நினைவு வந்துவிடும். நாற்காலிகளை நிழலில் போடுங்கள், ஒலிபெருக்கிக்கு எதிரே வேண்டாம். பலருக்குக் காது மந்தம், இரைச்சலில் பேச்சு புரியாது. மாணவர் கேள்விகளை முன்கூட்டியே பாருங்கள்: "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" கட்டாயம் வரும், நீக்கிவிடுங்கள்.