கணுக்காலைத் தேற்றித் தந்தவர்களுக்கு

பிசியோ அக்கா, கோச் சார், அம்மா, அணித் தோழிகள் எல்லாருக்கும் வணக்கம்.

நெட்டைத் தாண்டி வரும் அடியைத் தடுக்கும் பிளாக்குக்கு எம்பி இறங்கும்போது எதிரணிப் பெண்ணின் பாதத்தின்மேல் என் கால் விழுந்தது. வாலிபால் ஆடுகிறவர்களுக்குப் பழகிப்போன விபத்துதான். கால் உள்பக்கமாக மடங்கி, வெளிக் கணுக்காலின் முன்பக்க ஜவ்வு பாதி கிழிந்துவிட்டது. நாளாவட்டத்தில் வலி போனது, இறங்கும் பயம் மட்டும் போகவில்லை.

அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. காலை ஊன்ற முடியாதபோதே “மனசுக்குள்ள குதிச்சு இறங்கு” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஷூவை மாட்டிக் கண்ணை மூடச் சொன்னீர்கள். முன்பாதம் தரையைத் தொடுவது, முட்டி மடங்குவது, கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசை இறுகுவது எல்லாவற்றையும் நிஜ ஆட்டத்தின் வேகத்திலேயே உணர வேண்டும். அசைவைக் கற்பனை செய்தாலும், அதைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்யுமாம். “அதுக்காக ஜவ்வு தானா ஒட்டிக்காது, எலாஸ்டிக் பட்டையை இழுத்தே ஆகணும்” என்று கறாராகவும் சொல்லிவிட்டீர்கள். அந்தக் கறார்தான் என்னை நம்ப வைத்தது.

அப்புறம் ஒற்றைக் காலில் நிற்பது, தலையணைமேல் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. ஒவ்வொன்றையும் முதலில் மனசில், உடனே காலில். மனசுக்குள் கால் பிசகினால் அங்கேயே நிறுத்தி, ஒழுங்காக இறங்கும்வரை விடமாட்டீர்கள். பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குப் போகும் சேதி சுளுக்குக்குப் பிறகு மங்கிவிடும், அதைத் தேற்றாமல் ஆடப்போனால் அதே கால் மறுபடி மடங்கக்கூடும் என்று நீங்கள் சொன்ன பிறகு, தலையணைமேல் தள்ளாடுவதற்கு நான் வெட்கப்படவே இல்லை.

அம்மா, “நல்லா நீவிவிட்டா ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று வந்த சொந்தக்காரர்களைக் காபி கொடுத்தே திருப்பி அனுப்பினாய். வீங்கிய காலை யார் கையிலும் கொடுக்காததற்குத் தனி நன்றி!

கோச் சார், வீக்கம் வடிந்ததும் ஆட இறக்கியிருக்கலாம். இரண்டு காலாலும் தனித்தனியே ஒரே தூரம் தாண்டிக் காட்டும்வரை காத்திருந்தீர்கள். தோழிகளே, மேட்ச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பினீர்களே, கண்ணை மூடியதும் மைதானம் வந்துவிட்டது. நடுவில் என்னைத் திட்டும் குரல் யாருடையது என்றும் தெரியும்.

இப்போது கணுக்காலில் டேப் சுற்றிக்கொண்டு நெட்டோரம் எம்புகிறேன். அக்கா, உங்கள் எலாஸ்டிக் பட்டை இப்போதைக்குத் திரும்பி வராது. பின்வரிசையில் பந்தெடுக்கும் நம் லிபெரோ வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் மிடில் பிளாக்கர்