கடவுச்சொல்லை மாற்றிவிடு

அன்புள்ள பாப்பா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

நீ போட்ட வாசல் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் கதவு எண் பளிச்சென்று தெரிகிறது. எதிர்க் கட்டடத்தின் பெயரும் கண்ணாடியில் பாதி விழுந்திருக்கிறது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. தனியாக இருக்கிறாள் என்று அதுவே சொல்லிவிடும். நான் எதுவும் கேட்கவில்லை. பார்ப்பவர்கள் கண்ணில் படும் என்று சொல்கிறேன், அவ்வளவுதான். அந்தப் படத்தை எடுத்துவிடு.

நீ வீடு மாறியதே அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். சரி, கிடக்கட்டும்.

வீடு மாறினால் பூட்டை மாற்றுவோம் இல்லையா, போனிலும் அதைச் செய். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒரு இடம் இருக்கிறது. எப்போதோ யாருடைய லேப்டாப்பிலோ கியூஆர் கோடை ஸ்கேன் செய்து திறந்திருப்பாய். லாக் அவுட் செய்யாமல் விட்டிருந்தால் உனக்கு வரும் செய்தி அங்கேயும் போய்க்கொண்டிருக்கும். என்க்ரிப்ஷன் இருக்கிறதே என்பாய். 2016-லிருந்து இருக்கிறது, எனக்கும் தெரியும். அது வழியில் ஒட்டுக் கேட்பவரைத்தான் தடுக்கும். நீயே இணைத்துவிட்ட லேப்டாப்பை அது என்ன செய்யும்? உன்னுடையது இல்லாத எதையும் அந்தப் பட்டியலில் வைக்காதே.

அப்புறம் கூகுள் மேப்ஸ். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அதிகபட்சம் 8 மணி நேரத்தில் தானே நின்றுவிடும். மேப்ஸில் நாமாக நிறுத்தும்வரை ஓடுகிற மாதிரியும் வைக்கலாம். சந்தோஷமாக இருந்த நாளில் ஒருமுறை அதைத் தொட்டிருந்தால் இப்போது நினைவுகூட இருக்காது. கூகுள் போட்டோஸில் பார்ட்னர் ஷேரிங் போட்டிருந்தால் நீ எடுக்கிற படங்கள் இன்னொருவருக்குத் தானாகப் போகும். போனில் உன் கைரேகை மட்டும்தானா பதிவாகியிருக்கிறது? எல்லாவற்றையும் அழித்துவிட்டு உன் விரலைப் புதிதாகப் பதி. ஜிமெயிலின் மீட்பு எண் யாருடையது என்றும் பார். அது இன்னொருவருடையது என்றால் நீ கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும், மறந்துவிட்டேன் என்று அழுத்தி அவர் உள்ளே வர வழி இருக்கிறது.

உனக்குப் போய் நான் சொல்கிறேன். எனக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்துக் கொடுத்து, ஆறு இலக்கப் பின்னை அப்பாவிடம்கூடச் சொல்லாதே என்று மிரட்டியவள் நீ. 2018-ல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்கிற கம்பெனியைப் பற்றிச் செய்தி வந்தபோது எங்களையெல்லாம் உட்காரவைத்து விளக்கினாயே. ஃபேஸ்புக்கில் 8.7 கோடி பேர் வரைக்கும் விவரம் அவர்களுக்குப் போனது, அதை எடுத்துக் கொடுத்த வினாடி வினாச் செயலியைத் தொட்டவர்களோ சில லட்சம் பேர்தான், மற்றவர்கள் அவர்களுக்கு நண்பர்களாக இருந்ததோடு சரி என்று. அத்தையிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? அவ்வளவு தெரிந்தவள்தான் கதவு எண்ணைக் காட்டிப் படம் போடுகிறாய்.

உன் லாஸ்ட் சீன் இப்போது எனக்கும் தெரிவதில்லை. நீல டிக்கும் வருவதில்லை. பாதுகாப்பை என்னிடமிருந்தா ஆரம்பிப்பது? நல்லதுதான், அப்படியே வைத்துக்கொள்.

முன்பின் தெரியாதவர்களை நினைத்து எனக்குப் பெரிய பயமில்லை. ஓடிபி கேட்டு எவன் கூப்பிட்டாலும் அவனை நீ அழவைத்து அனுப்புவாய். நீ படித்த முதல் பள்ளி, உன் செல்லப் பெயர், உன் போனைத் திறக்கும் கோடு, இதெல்லாம் தெரிந்தவர்கள் வேறு. சித்தி விஷயத்தில் வெளியாள் யார் வந்தது? பாதுகாப்புக் கேள்விக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று சட்டமில்லை. வாயில் வந்த பொய்யை எழுதி, அதை மட்டும் எங்காவது குறித்து வை.

ஒன்று கவனி. இப்படி எல்லாவற்றையும் துண்டித்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். அதனால் கோபம் வரும், வாசலில் வந்து நிற்பார்கள் என்று தோன்றினால் முதலில் அண்ணனிடம் சொல், பிறகு செய். தொந்தரவாக ஏதாவது செய்தி வந்தால் அழித்துவிடாதே. எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கும் ஒன்று அனுப்பிவிட்டு பிளாக் செய். யாருக்கும் வரலாம், பொதுவாகச் சொல்கிறேன்.

அத்தை கேட்டால் உனக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்.

இணைக்கப்பட்ட சாதனங்களை இன்றைக்கே பார். நாளைக்கு என்று வைக்காதே. பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். இல்லை, கூப்பிடு. எந்த நேரமானாலும் எடுப்பேன். எதுவும் கேட்கமாட்டேன்.

அம்மா