ராணியின் வாயைத் திறந்து பார்

அன்புள்ள மக்கா,

ஆடியில் நீ போட்ட கடிதத்துக்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். திட்டுவாய், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மதினி கொடுத்துவிட்ட வடகம் தீர்ந்தே போனது. பெரியவள் கல்யாணப் பேச்சை நேரில் சொல்கிறேன். என் நாய் செவலை விஷயத்தை மட்டும் தள்ளிப்போட முடியாது. உன் வீட்டுத் திண்ணையிலும் ஒரு கிழவன் படுத்துக் கிடக்கிறானே.

செவலைக்கு இப்போது 13 வயசு. கோவில்பட்டியிலிருந்து நாம் ரெண்டு பேரும் மடியில் மறைத்துக் கொண்டுவந்த அதே சிப்பிப்பாறைக் குட்டிதான். அந்தக் கண்டக்டரை நீ மறந்திருக்க மாட்டாய். ஐப்பசி மழை பிடித்ததும் காலையில் எழவே திணறினான். பின்னங்கால் விறைத்துக்கொள்ளும், நாலு எட்டு வைத்த பிறகுதான் இளகும். அம்மா முட்டுவலிக்குப் போடும் டைக்ளோபினாக் அலமாரியில் இருந்தது. பாதி உடைத்துத் தயிர்ச்சோற்றில் வைத்து மூன்று நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி வாந்தி. விடியும்போது தார் மாதிரிக் கருப்பாய் வெளிக்குப் போனான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாத்திரை அட்டையைக் காட்டியதும் டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. எந்தச் சுரப்பு வலியைக் கூட்டுகிறதோ அதுவேதான் வயிற்றின் உள்தோலையும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் காக்கிறதாம். மருந்து அதை அடக்கிவிட, வயிறு புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது. நம் உடம்பு தாங்குகிற மாதிரி நாய் உடம்பு இதைத் தாங்காது. செத்த மாட்டைச் சுற்றிக் கழுகுகள் இறங்குமே, நம் சின்ன வயசில் பார்த்திருக்கிறோம். அதெல்லாம் எங்கே போயிற்று என்று நாம் கேட்டதே இல்லை. மாட்டுக்குப் போட்ட இதே மருந்து இறைச்சி வழியாகப் போய் அவற்றின் சிறுநீரகத்தை முடித்திருக்கிறது. 2006-லேயே கால்நடைக்கு இதைத் தடை செய்துவிட்டார்கள். அது எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது, நான் என் கையால் ஊட்டினேன்.

ஐந்து நாள் டிரிப் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு மட்டும் ரத்தத்தில் இன்னும் முழுசாய் இறங்கவில்லை. தண்ணீர்ச் சட்டி காலியாகிக்கொண்டே இருக்கிறது, ராத்திரி வீட்டுக்குள்ளேயே மோண்டுவிடுகிறான். தண்ணீரைக் குறை என்று வீட்டில் ஒரே சத்தம். குறைக்கவே கூடாது. கெட்டுப்போன சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்காது, குடிப்பதையும் நிறுத்தினால் ஆளே போய்விடுவான்.

உன் கிழவனுக்கு டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால், இபுபுரூபன் ஒன்றும் கொடுக்காதே. கறிக்குழம்பு ஊற்றிய சோறும் வேண்டாம். வெங்காயம் நாய் ரத்தத்தின் சிவப்பணுவை உடைக்கும். கால் வலிக்கு நான் கண்டது சின்னச் சின்ன வேலைதான். வழுக்குகிற டைல்ஸ் மேல் சாக்கை விரித்தேன், திண்ணைக்கு ஏறச் சாய்வாய் ஒரு பலகை போட்டேன். ஒரேயடியாய்க் காடு சுற்றாமல் காலையும் மாலையும் கொஞ்ச தூரம் நடக்க விடுகிறேன். இந்தச் சாதி நாய்க்கு எலும்பின் மேல் சதையே கிடையாது. வெறுந்தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்துப்போயிருந்தது, இப்போது மெத்தென்று பழம்புடவை மடித்துப் போட்டிருக்கிறேன். கண்ணில் நீலம் பூத்தால் உடனே குருடு என்று பயப்படாதே, வயசானால் பல நாய்க்கும் அப்படித்தான். வெள்ளையாய் அடைத்தால்தான் புரை.

இனி உன் குதிரை ராணி. புல்லை மென்று உருண்டையாய்த் துப்புகிறாள், மெலிந்துவிட்டாள், கொள்ளுத் தீனியைக் கூட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். ஏலே, அந்தியூர்ச் சந்தையில் அரைமணி நேரம் பல்லைப் பிடித்து வயசு பார்த்தவன் நீ! வாங்கி வந்த பிறகு அந்த வாயை ஒருநாளாவது திறந்தாயா? குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை ஒடுக்கம். கடைவாய்ப் பல்லின் ஓரம் தேயாமல் கூராய் நின்று கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அவள் போட்ட லத்தியைக் கலைத்துப் பார். கொள்ளு முழுசு முழுசாய்க் கிடந்தால் பல்லுக்கு அரம் போடணும், டாக்டரைக் கூப்பிட்டுப் போடு. தீனியை எவ்வளவு கூட்டினாலும் மெல்ல முடியாதவளுக்கு என்ன பிரயோசனம்? மெல்லாமல் விழுங்கினால் குடல் அடைக்கும். குதிரைக்கு வாந்தி எடுக்கவே வராது, அதனால் வயிற்று வலியை விளையாட்டாய் எடுக்காதே. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, முன்னங்காலால் மண்ணைப் பறித்தாலோ, படுத்துப் புரண்டாலோ தீனியை எடுத்துவிட்டு ஆள் அனுப்பு. மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், விடாதே. அது நுரையீரலுக்குள் போனால் அதோடு முடிந்தது. பல் சரியாகும் வரை கொள்ளை ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாய் நாலு வேளை வை. குளம்பை ஆறேழு வாரத்துக்கு ஒருதடவை சீவுகிறாயா? அதையும் எழுதவில்லை நீ.

வியாழக்கிழமை செவலைக்கு மறுபடி ரத்தம் பார்க்கணும். அதற்குள் லத்தியைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு. கடிதம் போட்டுக் காத்திருக்க என்னால் முடியாது.

உன்
கடைசி பெஞ்சுக்காரன்