ஏழாம் தொட்டியின் கோளாறைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

தொழிற்சாலைக் காற்றாடிகளின் கோளாறு சரியாகி நேற்றோடு 21 நாள். ஸ்கிரீனில் ‘தொடர்பு இல்லை’ என்ற சிவப்பு எழுத்து ஒரு தடவைகூட வரவில்லை. அவசரப்பட்டு நன்றி சொல்லிவிட்டு, அன்றிரவே மறுபடி நின்றுபோனால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் மின்வேலை பார்க்கிறேன். மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகள் பத்து. ஒவ்வொரு தொட்டியின் காற்றாடிக்கும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு டிரைவ். அந்தப் பத்தையும், கீழே தேயிலை காயவைக்கும் டிரையரின் காற்றாடி டிரைவையும் பி.எல்.சி.யோடு, அதாவது எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுக்கும் சிறு கணினியோடு, சேர்ப்பது ஒரே ஒரு ஜோடிக் கம்பி. தகவல் போகும் ஆர்.எஸ். 485 கம்பி, அதில் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி மொட்பஸ். மே கடைசியில் ஏழாம் தொட்டியின் டிரைவ் எரிந்துபோய்ப் புதிது மாட்டினோம். அதே வாரம் மழையும் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து விடியப்புறமானால் ஒரு காற்றாடி மாற்றி ஒரு காற்றாடி நிற்கும். நின்ற தொட்டியில் கையை விட்டால் அடிக்கொழுந்து வெதுவெதுவென்று இருக்கும். அப்படியே விட்டால் சிவந்துவிடும்.

பழி முழுவதையும் நான் மழைமேல் போட்டேன். சந்திப்புப் பெட்டிகளைத் திறந்து துடைத்தேன், வீட்டில் மகளின் தலை உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து காயவைத்தேன், முனைகளைப் புதிதாக வெட்டி இறுக்கினேன். கம்பியில் தகவல் போகும் வேகத்தை 19200இலிருந்து 9600க்கு இறக்கினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. வெளியிலிருந்து வந்து பார்த்த ஒருவர் கேபிள் முழுவதையும் மாற்றச் சொன்னார். விலையைக் கேட்டு மனேஜர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

முதல் நன்றி வாட்டு மாடியில் இரவு வேலை செய்யும் அண்ணனுக்கு. யாரும் கேட்காமலே, காற்றாடி நின்ற நேரத்தையெல்லாம் மகளின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். 2.40, 2.55, 3.10 என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் மட்டும் 5.15க்குத்தான் முதல் வரி. “அன்னிக்கு அடுப்பு மூட்ட லேட்டு தம்பி, டிரையரே அஞ்சு மணிக்குத்தான் ஓடுச்சு” என்றார். அதைக் கேட்ட பிறகு மழையைத் திட்டுவதை நிறுத்தினேன். மழை இரவு முழுவதும்தானே பெய்கிறது!

அடுத்தது, எங்கள் லயத்தில் பிறந்து இப்போது கட்டுநாயக்கவில் வேலை செய்யும் தம்பிக்கு. இரவுச் சிப்ட் முடிந்து வந்த களைப்போடு போனை எடுத்தான். “அண்ணே, இனி ஒண்ணையும் மாத்தாதீங்க. முதல்ல அளங்க” என்றான். கம்பியின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒவ்வொன்று இருக்க வேண்டும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும், 120 காட்டினால் ஒன்று இல்லை என்று அர்த்தம் என்று பொறுமையாகச் சொன்னான். நாங்கள் திண்டாடாமல் இருக்க இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தான். தொடர்பு அறுந்தால் நின்றுவிடாமல் கடைசி வேகத்திலேயே ஓடும்படி காற்றாடி டிரைவ்களில் ஒரு அமைப்பை மாற்றச் சொன்னான். கொழுந்து அன்றிரவே தப்பியது.

என் மீட்டரை எனக்கே நம்பிக்கை இல்லை. பக்கத்துத் தோட்டத்துச் சிங்கள மின்வேலைக்காரர் தன் மீட்டரைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, அந்த மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். அது ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு கொழுந்து எடுப்பதில்லை என்பதால் அன்று விடியற்காலை கொழுந்து அரைப்பும் இல்லை. தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா ஒன்றரை மணி நேரம் முழு லைனையும் நிறுத்தித் தந்தார். அவருடைய டிரையர் அறையில் என்னை நம்பி விட்டதே பெரிது.

மீட்டரின் முனைகளை இரண்டு கம்பியிலும் வைத்தோம். 39.8. நண்பர் குனிந்து பார்த்துவிட்டு “ஹதளிஹய் மல்லி” என்றார். நாற்பது. 60 இல்லை, 120ம் இல்லை. இருவரும் சிகரெட் பெட்டி அட்டையில் கணக்குப் போட்டோம். மூன்று 120 இணையாக (பரலல்) சேர்ந்தால்தான் 40 வரும். அப்படியானால் எங்கேயோ மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறது. ஏழாம் தொட்டியின் மூடியைத் திறந்தோம். புது டிரைவின் உள்ளே அரிசி மணியளவு ஒரு சுவிட்ச் மேலே தள்ளியபடி இருந்தது. உள் ரெசிஸ்டரைச் சேர்க்கும் சுவிட்ச். மாட்டியவன் நான்தான், பார்க்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் கீழே தள்ளினேன். மீட்டர் 60க்கு வந்து நின்றது.

நடுவில் சேர்ந்த அந்தச் சுமையால் சிக்னல் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. அதோடு டிரையரின் மோட்டார் கேபிளும் நம் கம்பியும் ஒரே தட்டில் கட்டிக்கிடந்தன. டிரையர் ஓடத் தொடங்கியதும் அதன் மின் இரைச்சல் மிச்சத்தையும் தின்றுவிட்டது. அப்புறம் கம்பியைத் தனியாக இழுத்தோம், அதன் உலோக உறையின் எர்த்தை ஒரு பக்கம் மட்டும் வைத்தோம்.

சல்லடை அறை அக்காமார் அன்று அனுப்பிய தேங்காய் ரொட்டிக்கும் கட்டைச் சம்பலுக்கும் தனி நன்றி. வீட்டுக்காரிக்கும் நன்றி. தலை உலர்த்தும் கருவி தூசியோடு திரும்பி வந்ததற்கு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் கேட்டாள்.

அண்ணே, உங்கள் கொப்பி இன்னும் என் மேசையில்தான். பக்கத்துத் தோட்டத்து நண்பரின் மீட்டரும் அப்படித்தான். பெட்டரி மாற்றி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கொண்டு வருகிறேன்.